வாய்மூடிய ஜீன்களும் ஒரு லூதியானா மாணவரும்

பி.காம். படித்துவிட்டு பேங்க்கில் லோன் ஃபைல் புரட்டிக்கொண்டிருக்கிறவனுக்கு குரோமோசோம் எதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். பன்னிரண்டாவது படிக்கும் என் மகள்தான் காரணம். "அப்பா, கண்ல இருக்கற செல்லுக்கும் கல்லீரல்ல இருக்கற செல்லுக்கும் ஒரே டி.என்.ஏ.தானே? அப்புறம் எப்படி கண்ணு கண்ணாவும் கல்லீரல் கல்லீரலாவும் இருக்கு?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டுவைத்தாள். டெபிட், கிரெடிட் தவிர வேறு எதுவும் தெரியாதவனிடம் கேட்கிற கேள்வியா இது?

ஒரு வரி பதில் உண்டு. எல்லா ஜீனும் எல்லா செல்லிலும் பேசுவதில்லை, பலவற்றின் வாயைச் செல்லே மூடி வைத்திருக்கிறது. "ஜீன் சைலன்சிங்" என்கிறார்கள். ஆனால் யார் மூடுகிறார்கள், எப்படி மூடுகிறார்கள், மூடினது மூடினபடியே பிள்ளைக்கும் பேரனுக்கும் எப்படிப் போகிறது என்று தேட ஆரம்பித்தால், கதை மனிதனிடம் தொடங்கவில்லை. ஈஸ்ட்டில் தொடங்குகிறது. ஆமாம், இங்கே முலுண்டில் பேக்கரிக்காரர் பாவ் மாவில் கலக்கிறாரே, அதே ஈஸ்ட்தான். அந்தக் கதைக்குள் போனால் நடுவில் ஒரு இந்தியர் நிற்கிறார். அமர் கிளார். எனக்கு இந்தப் பெயர் அதுவரை தெரியாது. உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

சரி, மேட்டருக்கு வருவோம்.

இனாப்பரேட்டிவ் அக்கவுண்ட்

எனக்குத் தெரிந்த பாஷையில் முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு சேவிங்ஸ் கணக்கில் இரண்டு வருஷம் வாடிக்கையாளர் தானாக எந்த வரவு செலவும் செய்யாவிட்டால் அது இனாப்பரேட்டிவ் ஆகிவிடும். பணம் அப்படியே இருக்கும். பெயர் இருக்கும், நம்பர் இருக்கும், வட்டிகூட ஏறும். ஆனால் கார்டைச் செருகினால் வேலை செய்யாது. லெட்ஜரில் ஒரு எழுத்தும் அழியவில்லை, கதவு மட்டும் மூடியிருக்கிறது.

வாய்மூடிய ஜீனும் இப்படித்தான். எழுத்துப்பிழை வந்து கெட்டுப்போன ஜீன் வேறு, அது கிழிந்த பாஸ்புக். வாய்மூடிய ஜீனில் எல்லா எழுத்தும் சரியாக இருக்கும். திறந்துவிட்டால் அடுத்த நிமிஷமே பேசும்.

ஒரு வித்தியாசம் உண்டு. பேங்க்கில் கணக்கு மூடுவது காலத்தைப் பொறுத்தது. ஈஸ்ட்டில் அது இடத்தைப் பொறுத்தது. ஒரே ஜீன் குரோமோசோமின் நடுவில் இருந்தால் பேசுகிறது, ஓரத்தில் இருந்தால் பேசுவதில்லை. இந்த ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்து நிரூபிக்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

புள்ளி விழுந்த கண்

இடம் முக்கியம் என்ற சந்தேகத்தை முதலில் கிளப்பியது பழ ஈ. 1928ல் ஜெர்மனியின் எமில் ஹைட்ஸ், பாசி போன்ற சிறு தாவரங்களின் செல்களில் குரோமோசோமின் சில பகுதிகள் எப்போதும் சாயத்தை அதிகம் பிடித்துக்கொண்டு இறுக்கமாக இருப்பதைக் கவனித்தார். அதற்கு ஹெட்டரோகுரோமாட்டின் என்று பெயர் வைத்தார். அங்கே ஜீன் வேலை அதிகம் நடப்பதில்லை என்று தோன்றியது.

இரண்டு வருஷம் கழித்து, 1930ல், அமெரிக்காவில் ஹெர்மன் முல்லர் பழ ஈக்களுக்கு எக்ஸ்ரே கொடுத்து குரோமோசோம்களை உடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சில ஈக்களின் கண் முழுச் சிவப்பாகவும் இல்லை, முழு வெள்ளையாகவும் இல்லை, திட்டுத் திட்டாக இருந்தது. கண்ணுக்குச் சிவப்பு நிறம் தரும் ஜீன் கெடவில்லை. குரோமோசோம் உடைந்து திரும்பி ஒட்டியதில், அந்த ஜீன் இறுக்கமான பகுதியின் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டது, அவ்வளவுதான். சில செல்களில் அண்டை வீட்டு இறுக்கம் இதன் மேலும் பரவி வாயை மூடிவிட்டது, சில செல்களில் மூடவில்லை. "பொசிஷன் எஃபெக்ட்", அதாவது இடவிளைவு, என்று பெயர்.

ஆனால் ஈ பெரிய பிராணி. யார் மூடுகிறார்கள் என்று ஒவ்வொரு ஜீனாகத் தேட இன்னும் சின்ன, சீக்கிரம் வளரும் உயிர் வேண்டும். ஈஸ்ட் ஒன்றரை மணி நேரத்தில் இரண்டாகிவிடும்.

ஏ, ஆல்ஃபா, அப்புறம் ஒரு விஸ்கி கம்பெனி

ஈஸ்ட்டைப் பற்றி நம் பக்கத்திலும் ஆரம்பத்திலேயே வேலை நடந்திருக்கிறது. 1940களில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் எம்.கே. சுப்பிரமணியம் ஈஸ்ட் குரோமோசோம்களைச் சாயமிட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக் கட்டுரைகள் எழுதினார். பாவம், ஈஸ்ட் குரோமோசோம்கள் அந்தக் கருவியில் நம்பி எண்ணுகிற அளவுக்குப் பெரியவை இல்லை. மொத்தம் 16 என்பது பிற்காலத்தில், வேறு முறைகளில்தான் உறுதியானது.

ஈஸ்ட்டுக்கு ஆண் பெண் இல்லை, ஆனால் இரண்டு "ஜாதி" உண்டு: ஏ மற்றும் ஆல்ஃபா. ஏ வகை செல்லும் ஆல்ஃபா வகை செல்லும்தான் ஒன்றுசேரும், ஏ-யும் ஏ-யும் சேராது. (சகோத்திரத்தில் கல்யாணம் கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள் :-)) இதை 1940களில் அமெரிக்காவில் கார்ல் லிண்ட்கிரன் தெளிவாக்கினார்.

விசித்திரம் எங்கே என்றால், சில ஈஸ்ட் வகைகளில் ஏ செல் இன்றைக்கு ஏ, அடுத்த தலைமுறையில் ஆல்ஃபா, மறுபடி ஏ. கோத்திரமே மாறுகிறது! டி.என்.ஏ.வில் எழுதியிருப்பது இவ்வளவு லேசாக எப்படி மாறும்?

இதை விடாமல் துரத்தியவர்கள் ஜப்பானியர்கள். இசாமு டாகானோவும் யாசுஜி ஓஷிமாவும் வேலை பார்த்தது ஒசாகாவில், சன்டோரி விஸ்கி கம்பெனியின் ஆராய்ச்சி நிலையத்தில். சாராயம் காய்ச்சுகிறவனுக்குத்தான் ஈஸ்ட் மேல் உண்மையான அக்கறை இருக்கும் போல. 1970ஐ ஒட்டிய வருஷங்களில் அவர்கள் சொன்னது: ஜாதியைத் தீர்மானிக்கும் இடத்தைத் தவிர வேறு இடங்களிலும் ஏதோ இருக்கிறது, அங்கிருந்து ஏதோ ஒன்று வந்துதான் இந்த இடத்தை மாற்றுகிறது. சோளத்தில் இடம் மாறும் ஜீன்களைப் பற்றி பார்பரா மக்ளின்டாக் சொன்னதை அவர்கள் நினைவில் வைத்திருந்தார்கள்.

கேசட் கடை

1977ல் ஆரிகன் பல்கலைக்கழகத்தில் ஜிம் ஹிக்ஸ், ஜெஃப் ஸ்ட்ராதர்ன், ஐரா ஹெர்ஸ்கோவிட்ஸ் மூவரும் இதற்கு ஒரு அழகான விளக்கம் கொடுத்தார்கள். பெயர் கேசட் மாடல்.

என் வயதுக்காரர்களுக்கு இது உடனே புரியும். நம் ஊர்ப் பக்கம் பாட்டு பதிந்து தரும் கடைகள் இருக்குமே? வெற்று கேசட்டையும் பாட்டு லிஸ்ட்டையும் கொடுத்தால் அவர் தன் மாஸ்டரிலிருந்து பதிந்து தருவார். மாஸ்டர் கடையை விட்டு வெளியே போகாது. நம் வீட்டு டேப் ரெக்கார்டரில் ஓடுவது பிரதிதான். பழைய பாட்டை அழித்து வேறு பதிய வேண்டுமா? மறுபடி கடைக்குப் போகலாம், மாஸ்டர் பத்திரமாக இருக்கும்.

ஈஸ்ட்டின் மூன்றாம் குரோமோசோமில் இதே ஏற்பாடு. அதை ஒரு ரயில் லைன் என்று வைத்துக்கொண்டால், நீளம் சுமார் 3,15,000 எழுத்து. நடுவில் "மேட்" என்று ஒரு ஸ்டேஷன், அதுதான் டேப் ரெக்கார்டர், அங்கே உள்ளதுதான் பேசும். இடது டெர்மினஸிலிருந்து சுமார் 12,000 எழுத்து தள்ளி ஹெச்.எம்.எல். என்று ஒரு அலமாரி, அதில் வழக்கமாக ஆல்ஃபா மாஸ்டர். வலது டெர்மினஸிலிருந்து சுமார் 23,000 எழுத்து தள்ளி ஹெச்.எம்.ஆர்., அதில் ஏ மாஸ்டர். ஜாதி மாறும்போது நடு ஸ்டேஷனில் டி.என்.ஏ. வெட்டப்பட்டு, எதிர் ஜாதி மாஸ்டரைப் பார்த்து அங்கே பிரதி எடுக்கப்படுகிறது.

நன்றாக இருக்கிறது. ஆனால் கணக்குப் பார்க்கிறவன் உடனே ஒரு கேள்வி கேட்பான். மாஸ்டர் கேசட்டும் முழு கேசட்தானே, அது ஏன் தானாக ஓடக்கூடாது?

லூதியானாவிலிருந்து ஒருவர்

இங்கேதான் அமர் கிளார் வருகிறார். 1947ல் பஞ்சாபில் பிறந்தவர். தேதியைக் கவனியுங்கள், பிரிவினை வருஷம். படித்தது லூதியானா விவசாயப் பல்கலைக்கழகத்தில். 1962ல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகத்தை நமக்குப் பசுமைப் புரட்சி, கோதுமை என்றுதான் தெரியும். அங்கே நுண்ணுயிரியல் படித்துவிட்டு அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். அதற்குப் பிறகு பெர்க்லியில் சீமோர் ஃபோகல் என்ற ஈஸ்ட் நிபுணரிடம் சேர்ந்தார்.

1979ல் கிளார், ஃபோகல், மக்லியாட் மூவர் பெயரில் ஒரு கட்டுரை வந்தது. ஒன்றுசேர மறுக்கும் ஒரு ஈஸ்ட் வகையை ஆராய்ந்திருந்தார்கள். நடு ஸ்டேஷனில் ஒரு குறையும் இல்லை. ஆனால் எங்கோ வேறு இடத்தில் ஒரே ஒரு ஜீன் கெட்டுப்போயிருந்தது. அதனால் இரண்டு அலமாரிகளும் திறந்துகொண்டு, ஏ பாட்டும் ஆல்ஃபா பாட்டும் ஒரே நேரத்தில் ஓட ஆரம்பித்துவிட்டன. இரண்டும் கேட்ட செல், "எனக்குத்தான் கல்யாணம் ஆகிவிட்டதே" என்று நினைத்துக்கொண்டு யாருடனும் சேராமல் நின்றுவிட்டது. மௌனம் கலைந்தால் மலடு.

அப்படியானால் அந்த ஜீன் நல்ல நிலையில் செய்யும் வேலை? இரண்டு அலமாரிகளையும் பூட்டி வைப்பது. தூரத்தில் எங்கோ உட்கார்ந்துகொண்டு, இரண்டு ஓரங்களின் வாயையும் ஒரே நேரத்தில் மூடுகிற வாட்ச்மேன். அதற்கு அவர்கள் வைத்த பெயர் மார்-1.

அதே 1979ல் வேறு இரண்டு குழுக்களும் இதே போன்ற வாட்ச்மேன்களைக் கண்டுபிடித்தன. ஆரிகனிலிருந்து ஜாஸ்பர் ரைனும் கூட்டாளிகளும் ஒன்றுக்கு சைலன்ட் இன்ஃபர்மேஷன் ரெகுலேட்டர் என்று பெயர் வைத்தார்கள், சுருக்கமாக "சார்". ஜேம்ஸ் ஹேபரும் டானா ஜார்ஜும் கண்டதற்கு மூன்றாவது ஒரு பெயர். 1987ல் ரைனும் ஹெர்ஸ்கோவிட்ஸும் மொத்தம் நான்கு ஜீன்களை வரிசைப்படுத்தி எழுதினார்கள். அதன் பிறகு எல்லாரும் சார்-1, சார்-2, சார்-3, சார்-4 என்றே அழைக்கத் தொடங்கினார்கள். கிளாரின் மார்-1 சார்-2 ஆகிவிட்டது.

(பேங்க்கில் நாலு சார் கையெழுத்துப் போட்டால்தான் லோன் வாய் திறக்கும். இங்கே நாலு சார் சேர்ந்தால்தான் ஜீன் வாய் மூடும்.)

எழுத்து ஒன்று, இடம் வேறு

கிளார் 1970களின் கடைசியில் கோல்ட் ஸ்ப்ரிங் ஹார்பர் ஆய்வகத்துக்குப் போனார். ஜேம்ஸ் வாட்சன் இயக்குநராக இருந்த இடம், மக்ளின்டாக்கும் அங்கேதான். ஹிக்ஸ், ஸ்ட்ராதர்ன், கிளார் மூவரும் அங்கே ஒரே அணி ஆனார்கள்.

டி.என்.ஏ.வை நேரடியாகப் பிரித்தெடுத்துப் பார்க்கும் வசதி வந்திருந்த நேரம். பார்த்தார்கள். அலமாரியில் இருந்தது அரைகுறைப் பிரதி இல்லை. தலைப்பு முதல் கடைசி எழுத்து வரை, "இங்கிருந்து படி" என்று சொல்லும் பகுதி உள்பட, எல்லாம் நடு ஸ்டேஷனில் இருப்பது போலவே இருந்தது. 1981ல் கிளார் குழுவும், கிம் நாஸ்மித் குழுவும் நேச்சர் இதழில் இதைத் தனித்தனியாக எழுதினார்கள். எழுத்து ஒன்றுதான், இடம்தான் வேறு, அதனால் ஒன்று பேசுகிறது, இன்னொன்று பேசவில்லை. முல்லரின் ஈக்கண்ணில் கண்ட இடவிளைவு இப்போது எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்க்கும் அளவுக்கு வந்துவிட்டது.

பூட்டு எங்கே தொங்குகிறது என்பதும் 1980களின் நடுவில் தெரிந்தது. ஒவ்வொரு அலமாரிக்கும் இரண்டு பக்கமும் சின்னச் சின்ன டி.என்.ஏ. துண்டுகள், "சைலன்சர்" என்று பெயர். அதை வெட்டி எடுத்தால் வாய் திறந்துவிடும். வேறு ஏதாவது ஜீனை அலமாரிக்குள் கொண்டுவந்து வைத்தால் அதுவும் வாய்மூடிவிடும். அந்த ஜீன் செய்த தப்பு ஒன்றுமில்லை. இருக்கும் இடம் அப்படி.

சார்கள் எப்படிப் பூட்டுகிறார்கள்?

டி.என்.ஏ. நூல், ஹிஸ்டோன் என்ற புரத உருளைகளில் சுற்றியிருக்கிறது. உருளைகளிலிருந்து வால் போல் ஒரு பகுதி நீட்டிக்கொண்டிருக்கும். அந்த வாலில் அசிட்டைல் என்ற சின்ன வேதிக்குறி ஒட்டியிருந்தால் சுற்று தளர்வாக இருக்கும், ஜீன் படிக்கப்படும். குறியை எடுத்துவிட்டால் இறுகும்.

சைலன்சரில் முதலில் சார்-1 வந்து நின்று மற்றவர்களை அழைக்கிறது. சார்-2, சார்-3, சார்-4 வந்து உட்காருகின்றன. சார்-2 பக்கத்து உருளையின் அசிட்டைல் குறியைக் கழற்றுகிறது. குறியில்லாத வாலை சார்-3, சார்-4 பிடித்துக்கொள்கின்றன. உடனே அடுத்த உருளை. அப்புறம் அதற்கடுத்தது. பரீட்சை ஹாலில் வரிசை வரிசையாகப் பேப்பர் வாங்கிக்கொண்டு போவது போல.

எங்கே நிற்கும்? முலுண்டில் இருக்கிறவர்களுக்கு செக் நாக்கா தெரியும். மும்பை முடிந்து தாணே ஆரம்பிக்கும் இடம். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வரும்வரை லாரிகள் ஆக்ட்ராய் கட்ட அங்கே வரிசையில் நிற்கும். ஹெச்.எம்.ஆர். அலமாரியின் வலது ஓரத்திலும் அப்படி ஒரு நாக்கா இருக்கிறது. எப்போதும் சுறுசுறுப்பாக வேலை பார்க்கும் ஒரு சின்ன ஆர்.என்.ஏ. ஜீன். மௌனம் அதைத் தாண்டிப் பரவுவதில்லை. 1999ல் இதைக் காட்டிய குழுவில் ரோஹிண்டன் காமகாகா என்று ஒரு பெயர் இருக்கிறது. மும்பைக்காரர்களுக்குப் பெயரைக் கேட்டதுமே தாதர் பார்சி காலனி நினைவுக்கு வரும்.

அலமாரிகள் மட்டும்தான் மௌனம் என்று நினைத்துவிடாதீர்கள். 1990ல் டேனியல் காட்ஷ்லிங், வர்ஜீனியா ஜக்கியன் குழு, சாதாரண ஜீன்களைக் குரோமோசோமின் கடைக்கோடியில், டெலோமியர் என்ற நுனிப் பகுதிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தது. அவையும் வாய்மூடின. 16 குரோமோசோம், 32 நுனி, அவற்றில் பலவற்றின் ஓரத்தில் இந்த மௌனத்தின் சாயல் உண்டு. நுனியிலிருந்து உள்ளே போகப் போக குறைந்துகொண்டே வரும்.

மூன்றாவது இடம் பன்னிரண்டாம் குரோமோசோம். ரைபோசோம் தயாரிக்கும் ஜீன் அங்கே நூறு முதல் இருநூறு பிரதிகளாக வரிசையாக நிற்கிறது. 1997ல் அங்கேயும் மௌனம் உண்டு என்று தெரிந்தது. அங்கே சார்-3, சார்-4 தேவையில்லை, சார்-2 போதும். சார் புரதங்களின் கையிருப்போ அளவானது. அதனால் ஒரு இடத்தில் அதிகம் உட்கார்ந்தால் இன்னொரு இடத்தில் குறைகிறது. பட்ஜெட் அலாட்மென்ட் எல்லா ஆபீஸிலும் ஒரே கதைதான்.

சிவப்பு, வெள்ளை, மறுபடி சிவப்பு

இதிலே எனக்கு மிகவும் பிடித்தது காட்ஷ்லிங் குழு கண்ட ஒரு காட்சி. நுனியில் வைத்த ஒரு ஜீன் பேசினால் ஈஸ்ட் கூட்டம் வெள்ளை, பேசாவிட்டால் சிவப்பு. தட்டில் வளர்ந்த கூட்டங்கள் இரண்டு நிறமும் பீட்சா துண்டு போல பிரிந்து பிரிந்து இருந்தன. எல்லா செல்லிலும் ஒரே டி.என்.ஏ. ஆனால் பேசும் தாய்க்குப் பேசும் பிள்ளைகள், பேசாத தாய்க்குப் பேசாத பிள்ளைகள். பல தலைமுறைக்கு ஒருமுறைதான் நிலை மாறுகிறது. 1989லேயே லொரெயின் பில்லஸும் ரைனும் அலமாரிகளில் இதே மாதிரி ஒன்றைக் காட்டியிருந்தார்கள்.

அதாவது, எழுத்து மட்டும் பரம்பரையாக வருவதில்லை. எது திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்ற நிலையும் வருகிறது. கண் செல் பிரிந்தால் கண் செல்லே வருவதற்கு இதுவும் ஒரு காரணம். மனிதரில் பூட்டும் ஆட்கள் வேறு, ஆனால் ஹிஸ்டோன் வாலில் குறி போட்டுப் பூட்டுவது என்ற அடிப்படை ஏற்பாடு நம்மிடமும் உண்டு. பெண்களின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று ஏறக்குறைய முழுதாக வாய்மூடி இருக்கிறது என்று மேரி லயன் 1961லேயே சொன்னார்.

கிளார் இந்த வழியில் இன்னும் தூரம் போனார். 1988ல் அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்துக்கு மாறினார். இன்னொரு வகை ஈஸ்ட்டைக் கையில் எடுத்திருந்தார். அதன் பெயரில் உள்ள "பாம்பே" நம்ம பம்பாய் இல்லை, ஸ்வாஹிலி மொழியில் பீர் என்று அர்த்தம். ஆப்பிரிக்கத் தினை பீரில் கிடைத்தது. 1996ல் அவரும், இந்தியாவிலிருந்தே போன ஷிவ் கிரேவாலும், அந்த ஈஸ்ட்டில் திறந்த நிலையும் மூடிய நிலையும் செல் பிரியும்போது மட்டுமல்ல, இரண்டு செல்கள் கூடிப் புது வித்து உண்டாகும்போதுகூட அந்தந்தக் குரோமோசோமோடு ஒட்டிக்கொண்டே போகிறது என்று காட்டினார்கள். ஒரு எழுத்து மாறாமலே ஒரு ஜீன் போல அந்த நிலை பரம்பரையாகிறது. கிரேவால் பின்னாளில், 2002ல், இந்தப் பூட்டுக்குச் சின்ன ஆர்.என்.ஏ.க்கள் வழிகாட்டுவதைக் கண்ட ஆய்வுகளில் முக்கியமானவர். கிளாரோடு வேலை பார்த்த ஜக்மோகன் சிங் சண்டிகர் நுண்ணுயிர்த் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு வந்து அதே துறையைத் தொடர்ந்தார். ஒரு லூதியானா மாணவரைச் சுற்றி ஒரு பரம்பரை.

சார்-2 சம்பாதித்த பணம்

பேங்க்காரன் எழுதி பணம் பற்றி இல்லாமலா? 1999ல் லெனார்ட் குவாரென்ட்டே குழு, சார்-2 கூடுதலாக இருந்தால் ஈஸ்ட் அதிக முறை பிள்ளை பெறுகிறது, அதாவது ஆயுள் கூடுகிறது என்றது. 2000ல் அதே குழு, சார்-2 எப்படி அசிட்டைலைக் கழற்றுகிறது, அதற்கு செல்லின் எரிபொருள் கணக்கோடு சம்பந்தப்பட்ட என்.ஏ.டி. என்ற பொருள் ஏன் வேண்டும் என்று காட்டியது. மனிதரிலும் இதன் உறவுக்காரப் புரதங்கள் ஏழு உண்டு. சர்ட்டுயின் என்று குடும்பப் பெயர். அப்புறம் என்ன, சிவப்பு வைனில் இருக்கும் ஒரு பொருள் இதைத் தூண்டும், கிழத்தனம் போகும் என்று ஒரே ஆரவாரம். சர்ட்ரிஸ் என்ற கம்பெனியை 2008ல் கிளாக்ஸோ ஸ்மித்க்லைன் 72 கோடி டாலருக்கு வாங்கியது. 2013ல் அந்த அலுவலகத்தை மூடிவிட்டார்கள். நினைத்த மருந்து வரவில்லை.

அந்தக் குடும்பப் பெயரில் "சார்" இருக்கிறது. மார்-1 என்ற பெயர் நிலைத்திருந்தால் அது மார்ட்டுயின் ஆகியிருக்கும். மார் தட்டிக்கொள்ள நமக்கும் ஒரு சாக்கு கிடைத்திருக்கும். ஹூம்.

தலைச்சுழி

கிளார் கடைசி வரை வித்தியாசமான கேள்விகளைக் கேட்டவர். நம்மில் சிலர் ஏன் இடக்கையர்? 2003ல் அவர் எழுதியது: தலைமுடிச் சுழி எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பதும் எந்தக் கை என்பதும் ஒரே ஜீன் ஏற்பாட்டிலிருந்து வரலாம். வலக்கையரில் பெரும்பாலோருக்குச் சுழி கடிகாரத் திசை, வலக்கையர் அல்லாதவர்களில் பாதிப் பேருக்கு எதிர்த்திசை என்றார். இரட்டைச் சுழி இருந்தால் இரண்டு பெண்டாட்டி என்று பாட்டி சொல்லி வளர்ந்த நமக்கு, சுழியை எண்ணுவதெல்லாம் புதிதா என்ன? ஆனால் பிறகு வந்த ஆய்வுகள் பல இதை ஆதரிக்கவில்லை. ஈஸ்ட்டில் நிரூபித்தது நின்றது, சுழி நிற்கவில்லை. 2017ல் காலமானார்.

கடைசியாக

இந்தக் கதையை நான் எழுத உட்கார்ந்ததற்கு இரண்டு காரணம்.

ஒன்று, பெயர். பாடப்புத்தகத்தில் மெண்டல், மார்கன், வாட்சன், கிரிக் வருகிறார்கள். வரட்டும். ஆனால் சார்-2 பற்றிப் படிக்கிற ஒரு மாணவி, அதை முதலில் கண்டவர்களில் ஒருவர் லூதியானாவில் படித்தவர் என்று தெரிந்துகொண்டால், கோயம்புத்தூர் விவசாயப் பல்கலைக்கழகத்தில் சீட் கிடைத்ததற்கு அழுதுகொண்டிருக்க மாட்டாள். (ஏன் சொல்கிறேன் என்றால், எனக்குத் தெரிந்த வீட்டிலேயே அழுகை நடந்தது.) பெயர் மாறியதில் யாருடைய சதியும் இல்லை. மூன்று பெயர் இருந்தால் ஒன்றுதான் நிலைக்கும். ஆனால் நிலைக்காத பெயரை நாம் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

இரண்டாவது, அந்த அலமாரி. மௌனமாக இருப்பது என்றால் வீண், செத்தது, கழித்துவிட வேண்டியது என்றுதான் நாம் எண்ணுகிறோம். ஈஸ்ட் அப்படி எண்ணவில்லை. நடு ஸ்டேஷனில் டி.என்.ஏ.வை வெட்டும் கத்தரி, அதே எழுத்துகள் இருந்தும் அலமாரிகளை வெட்டுவதில்லை, ஏனென்றால் அவை மூடியிருக்கின்றன. மூடியிருப்பதால்தான் மாஸ்டர் பத்திரமாக இருக்கிறது. நடுவில் ஓடுவது எத்தனை தடவை மாறினாலும், திரும்பவும் பதிந்துகொள்ள ஓரத்தில் ஒரு முழுப் பிரதி உண்டு.

ஊரை விட்டு வந்து இருபது வருஷம் ஆன நம் வீடுகளில், பிள்ளைகள் வெளியே ஹிந்தியும் மராத்தியும் பேசி, ஸ்கூலில் ஆங்கிலம் எழுதி, தமிழை வீட்டுக்குள் மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். உயிரியலையும் வாழ்க்கையையும் ஒன்றாகக் குழப்பக்கூடாது, தெரியும். மொழி டி.என்.ஏ.வில் இல்லை, நாம் பேசினால்தான் பிள்ளைக்குப் போகும். ஆனாலும் பிள்ளைகளுக்குத் தமிழ் போய்விட்டது என்று மாட்டுங்காவில் வாழையிலை வாங்கப் போகும்போதெல்லாம் யாராவது புலம்பினால், இப்போதெல்லாம் நான் ஒன்று கேட்கிறேன். போய்விட்டதா, மூடியிருக்கிறதா? இரண்டும் ஒன்றில்லை. முதலாவதற்கு மருந்து கிடையாது. இரண்டாவதற்கு, இடத்தைக் கொஞ்சம் மாற்றி வைத்தால் போதும்.